சாய்வாக மாட்டிய ஆறு குழாய்கள்

ஈசல்மி, பின்லாந்து
14 ஜனவரி 1973

அன்புத் தம்பி ஆர்மஸுக்கு, அக்கா சய்மி எழுதறேன்.

இங்கே நானும் பொண்ணு இர்யாவும் சுகம். ரெண்டு பேருக்கும் மூக்கு மட்டும் ஒழுகுது. அது ஏப்ரல் வரைக்கும் ஒழுகத்தான் செய்யும், அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது. வயித்துல இருக்கிறது உதைக்க ஆரம்பிச்சாச்சு. மே மாசம்னு டாக்டர் சொல்றார். நீ எப்படி இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்ல இன்னும் காப்பியும் சிகரெட்டும்தானா?

உன் அத்தான் மாசத்துக்கு ரெண்டு கடிதம் போடறார். ரெண்டையும் ஒட்டினாலும் ஒரு கடிதம் நீளம் வராது. போன தடவை என்ன வேலைன்னு கேட்டிருந்தேன். "கழுவுற வேலை. நல்ல வேலை" அப்படின்னு எழுதியிருக்கார். அடேய், பத்து வருஷமா இந்த வீட்டுல ஒரு தம்ளர் கழுவாத மனுஷன் அவர்! அவருக்குச் சுவீடன்காரன் சம்பளம் கொடுத்துக் கழுவச் சொல்றானா? பால் பண்ணையில என் கூட வேலை பார்க்கிறவளுங்ககிட்டே படிச்சுக் காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தி வெண்ணெய்ப் பெட்டியையே கீழே போட்டுட்டா.

விளையாட்டு போகட்டும். நீ கூப்பிட்டேன்னுதான் செப்டம்பர்ல அவரைக் கப்பலேத்தி அனுப்பினேன். அங்கே நீதான் மேஸ்திரி. குழந்தை பிறந்து கொஞ்சம் தேறினதும் நாங்களும் அங்கே வந்துடலாம்னு அவர் கணக்குப் போட்டு வெச்சிருக்கார். அதுவரைக்கும் அவரைப் பார்த்துக்கோ. வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். நீயா பார்த்துச் செய்.

உடம்பைக் கவனிச்சுக்கோ. கழுத்துக்குத் துணி கட்டிக்கிட்டு வெளியே போ.

சய்மி


ஏக்ஃபோர்ஸ், சுவீடன்
28 ஜனவரி 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் நலம். உன் கடிதத்தைப் பார்த்ததும் மனசு லேசாச்சு. பனியில் பால் பண்ணைக்கு நடந்து போகாதே, பஸ்ஸில் போ.

அத்தான் கழுவுவது பாத்திரம் இல்லை அக்கா. அலுமினியம். பாலக் கைப்பிடிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் போகிற குழாய்கள். கடைசியில் அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டு அதன் மேல் கெட்டியான ஒரு தோல் ஏற்றுவோம். ஆனோடைஸ் என்று சொல்வார்கள். அது ஏறிவிட்டால் மழையும் உப்பும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு முன்னால் குழாயில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஒரு விரல் ரேகை இருந்தாலும் போச்சு. தோலுக்கு அடியில் அது அப்படியே நின்றுவிடும், பிறகு யாராலும் துடைக்க முடியாது. அதனால் முதலில் பிசுக்கு எடுக்கும் தொட்டி, அப்புறம் தண்ணீர், அப்புறம் சூடான காஸ்டிக் சோடா, திரும்பத் தண்ணீர். காஸ்டிக் மேல்தோலையே கொஞ்சம் தின்றுவிட்டுப் புதுசாக விடும்.

அத்தானுக்கு இரண்டு வேலை. குழாய்களைத் தொட்டியில் இறக்கும் சட்டத்தில் மாட்டுவது ஒன்று. காஸ்டிக்கில் இருந்து வந்து தண்ணீரில் முங்கி எழுந்த பிறகு குனிந்து பார்ப்பது இன்னொன்று. தண்ணீர் குழாய் மேல் ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் பிசுக்கு இருக்கிறது, திரும்ப அனுப்ப வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதில் அத்தானை அடிக்க இங்கே ஆள் இல்லை. சுவீடன்காரர்களே அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

ஒரே குறை, வேகம் போதாது. கைப்பிடிக் குழாய்க்கு ஒரு முனை அடைப்பு. திறந்த முனை கீழே வருகிற மாதிரி சாய்த்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் காஸ்டிக் உள்ளேயே தங்கிவிடும். சாய்த்தால் ஒரு சட்டத்துக்கு ஆறுதான் பிடிக்கும். நான் சும்மா சீண்டுவேன், "அத்தான், நெருக்கிப் பிடிச்சா இன்னொண்ணு போகுமே." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "போகும் மாப்ள. நாளைக்கு உன்னை மாட்டறேன், நீ போவியா பாரு."

கவலைப்படாதே. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

உன் தம்பி,
ஆர்மஸ்


ஏக்ஃபோர்ஸ்
11 மார்ச் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட வைத்துக்கொள்.

தந்தியில் அத்தானுக்குக் கண்ணில் அடி என்று மட்டும் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. குழாய்கள் தண்ணீர்த் தொட்டியில் இருந்து மேலே வந்தன. அத்தான் வழக்கம் போல முனையைப் பிடித்துத் தாழ்த்தி, குனிந்து படலம் பார்த்தார். பாதுகாப்புக் கண்ணாடி ஆவியில் மங்கிப் போனதால் நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். இங்கே எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். குழாய்கள் சாய்வாக மாட்டப்பட்டிருக்கவில்லை. உள்ளே தங்கியிருந்த காஸ்டிக் முகத்தில் கொட்டிவிட்டது.

நான்தான் ஓடிப்போய் அவர் தலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன். கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். அவர் கத்தவில்லை அக்கா. "மாப்ள, இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்றுதான் சொன்னார்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நான் தினமும் போகிறேன். நீ இந்த மாதத்தில் கப்பல் ஏறக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னதாகத் தந்தி கொடுத்திருந்தாய். அத்தானும் நீ வரக் கூடாது என்கிறார். நீ எழுதுவதை நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் சொல்வதை எழுதி அனுப்புகிறேன்.

தைரியமாக இரு.

ஆர்மஸ்


ஈசல்மி
20 மார்ச் 1973

ஆர்மஸ், நான் இருக்கேன். இர்யா இருக்கா. வயித்துல உள்ளதும் இருக்கு. சுகமான்னு இந்தத் தடவை யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

இனிமே எழுதறது அவருக்கு. அப்படியே படிச்சுக் காட்டு. ஒரு சொல்லையும் விடாதே.

ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிறதுக்கா கொடுத்தாங்க? அதென்ன தொப்பியா? விறகு அடுக்கறதுக்கே நூல் பிடிச்சுப் பார்க்கிற ஆளு, ஒரு குழாயைச் சாய்ச்சு மாட்டத் தெரியலையா? எதை நினைச்சுக்கிட்டு மாட்டினீங்க? மே மாசம் குழந்தை வரப்போகுதுங்கறது நினைப்புல இருந்துச்சா இல்லையா? நான் இங்கே எட்டு மாச வயித்தோட பெட்டி தூக்கறேன், ஒரு பெட்டியாவது கீழே போட்டேனா? அவசரக் குடுக்கை! உங்களைத் திட்டாம நான் வேற யாரைத் திட்டறது? நாசமாப்போன அந்தக் குழாயையா திட்டறது?

வலிக்குதா? ஒண்ணுமே தெரியலையா, இல்ல நிழல் மாதிரி ஏதாவது தெரியுதா? பக்கத்துல இருந்து முகத்தைத் தடவிக் கொடுக்க எனக்கு வழியில்லையேங்க.

ஆர்மஸ், இது உனக்கு. சாய்வா மாட்டப்பட்டிருக்கலைன்னு எழுதியிருக்கே. அதைப் படிச்சா யாரோ வானத்துல இருந்து இறங்கி வந்து மாட்டிட்டுப் போன மாதிரி இருக்கு. யார் மாட்டினது?

சய்மி


ஏக்ஃபோர்ஸ்
2 ஏப்ரல் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா? அத்தானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரொட்டியும் சூப்பும் சாப்பிடுகிறார். கீழே உள்ளது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

"சய்மி, நீ திட்டினது நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் யாரோ ரேடியோ போட்டிருக்காங்கன்னு நினைச்சானாம். வலி குறைஞ்சிருக்கு. ஜன்னல் பக்கம் திரும்பினா வெளுப்பா தெரியுது, இந்தப் பக்கம் திரும்பினா இல்லை. அவ்வளவுதான். தப்பு என்னோடதுதான். அந்தச் சட்டத்துல என் பேர் போட்ட அட்டை தொங்குச்சு. யார் மாட்டினாலும் அவங்க அட்டையைத் தொங்கவிடணும்கிறது இங்க வழக்கம். எப்படி அப்படி மாட்டினேன்னு எனக்குப் புரியல. காப்பி குடிக்கப் போறதுக்கு முன்னாடி மாட்டினேன். சாய்ச்சு மாட்டின மாதிரிதான் ஞாபகம். ஆனா ஞாபகத்தை நம்ப முடியுமா? மாப்ள இல்லாட்டி நான் இங்க நாய் மாதிரி கிடந்திருப்பேன். தினமும் பஸ் பிடிச்சு வந்து அவன்தான் ஷேவ் பண்ணி விடறான். இர்யாவுக்கு முத்தம் கொடுத்ததா சொல்லு."

அவர் சொன்னது இவ்வளவுதான். நீ திட்டியதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யார் மாட்டியது என்று கேட்டிருந்தாய். அவரே சொல்லிவிட்டார்.

ஆர்மஸ்


ஈசல்மி
16 ஏப்ரல் 1973

அன்புத் தம்பிக்கு,

கால் வீங்கியிருக்கு. மத்தபடி சுகம். நீயும் சுகமா இருப்பேன்னு நம்பறேன்.

இதை அவருக்குப் படிக்காதே. உனக்கு மட்டும் எழுதறேன்.

அவர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்கு மனசு ஒப்பல. நான் அந்த மனுஷனோட பத்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். சாவியை ஒரே ஆணியில மாட்டுவார். மறந்துபோய் வேற ஆணியில மாட்டினார்னு ஒரு நாள் கிடையாது. குடிச்சிருந்தாலும் அதே ஆணிதான். சாய்ச்சு மாட்டின மாதிரி ஞாபகம்னு அவர் சொன்னா, சாய்ச்சுத்தான் மாட்டியிருப்பார்.

அவர் காப்பி குடிக்கப் போயிருந்தப்ப அங்கே யார் இருந்தது? நீ மேஸ்திரி, உனக்குத் தெரியாம இருக்காது. யாராவது சுவீடன்காரன்னா பயப்படாம எழுது. நான் சண்டைக்கு வரப்போறதில்லை. இந்த வயித்தோட எங்கே வரது? எனக்கு அவர் மனசுதான் முக்கியம். கண்ணு போனதுக்கு மேல, நானே கெடுத்துக்கிட்டேன்னு அந்த மனுஷன் சாகற வரைக்கும் நினைக்கணுமா? நானும் சேர்ந்து திட்டி வெச்சிருக்கேன். அதை நினைச்சா சோறு இறங்கல.

பதில் எழுது.

சய்மி


ஏக்ஃபோர்ஸ்
21 மே 1973

அன்புள்ள அக்காவுக்கு,

தாயும் பிள்ளையும் நலமா? ஆண் குழந்தை என்று தந்தி பார்த்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தான் "எத்தனை கிலோ?" என்று கேட்டார். நாலு கிலோ என்றதும் இரண்டு கையையும் நீட்டி, நாலு கிலோ எவ்வளவு இருக்கும் என்று தூக்கிப் பார்க்கிற மாதிரி காட்டினார். நர்சுக்கு அழுகை வந்துவிட்டது.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். ஒரு பெரிய துறைமுகப் பாலத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மரங்கள் துளிர்த்துவிட்டன. நான் வேறு வீடு பார்க்கலாம் என்று இருக்கிறேன். அத்தானுக்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணிலும் வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது. ஜூன் மாதக் கோடை விழாவுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

தொழிற்சாலையில் மாட்டுகிற இடத்தில் அத்தான் பெயரைப் போட்டு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். "சாய்த்து மாட்டு. தோய்வோவை நினைத்துக்கொள்" என்று பின்னிஷிலும் சுவீடிஷிலும் எழுதியிருக்கிறது. யாரோ ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அத்தானிடம் அதைச் சொல்லிவிட்டான். "நல்லதுதான், நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்றார் அத்தான்.

குழந்தைக்கு என்ன பெயர்?

ஆர்மஸ்


ஈசல்மி
28 மே 1973

ஆர்மஸ்,

நானும் குழந்தையும் சுகம். பேர் இன்னும் வைக்கல. அவர் வந்து வைக்கட்டும்.

துறைமுகப் பாலம் பத்தி எழுதினே. மரம் துளிர்த்தது பத்தி எழுதினே. வீடு மாத்தறது பத்தி எழுதினே. நான் ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தேன்.

சின்ன வயசுல நீ ஜாம் பாட்டிலை உடைச்சுட்டு வந்து, இன்னிக்கு எவ்வளவு வெயில் பாரேன் அக்கான்னு ஆரம்பிப்பே. இந்தக் கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு அந்த ஜாம் பாட்டில்தான் ஞாபகம் வந்துச்சு.

நான் நினைக்கிறது தப்புன்னு எழுது. உடனே எழுது.

சய்மி


ஏக்ஃபோர்ஸ்
5 ஜூன் 1973

அக்கா,

நீ நினைக்கிறது சரிதான்.

அத்தான் ஆறு குழாயும் சாய்த்துத்தான் மாட்டினார். அட்டையைத் தொங்கவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அன்றைக்கு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் இரண்டு குழாய் போனால் அந்தச் சட்டத்தோடு ஆர்டர் முடிந்துவிடும், இல்லாவிட்டால் இரண்டு குழாய்க்காக மறுபடி ஒரு சட்டம் முழுக்க ஓட்ட வேண்டும். நான் ஆறையும் கழற்றி நேராக்கினேன். நேராக மாட்டினால் எட்டு பிடிக்கும். வெளியே எடுக்கும்போது நானே பக்கத்தில் நின்று சாய்த்து வடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மேலாளர் கூப்பிட்டார். போனேன். மறந்துவிட்டேன். அவ்வளவுதான் அக்கா. ஐந்து நிமிஷம் இருக்குமோ என்னவோ. திரும்பி வரும்போது அவர் குனிந்துகொண்டிருந்தார். எட்டு தொங்குவதை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்று கேட்காதே. ஆவியில் அவருக்கு முன்னால் இருந்த ஒரு குழாயின் முனைதான் தெரிந்திருக்கும்.

அட்டை அவருடையது. யாரும் என்னைக் கேட்கவில்லை. முதல் நாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் நாள் முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு நீ திட்டி எழுதியதை அவர் கட்டிலில் உட்கார்ந்து என் வாயாலேயே படித்தேன். அறிவிருக்கா, அறிவிருக்கா என்று அவரைப் பார்த்துப் படித்தேன். அந்தப் பலகையில் எழுத்து எழுதியதும் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார்கள்.

பதினெட்டாம் தேதி அவரைக் கூட்டிக்கொண்டு கப்பலில் வருகிறேன். வழியில் நானே அவரிடம் சொல்கிறேன். நீ சொல்லாதே. இந்த ஒன்றையாவது நான் செய்கிறேன்.

ஆர்மஸ்


ஈசல்மி
8 ஜூலை 1973

அன்பு மாப்ளைக்கு, தோய்வோ சொல்ல சய்மி எழுதறது.

நான் சுகம். நீ சுகமா ஊர் போய்ச் சேர்ந்தியா? கப்பல்ல சாப்பிட்டியா? வர்றப்ப ஒண்ணும் சாப்பிடாம தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தியாமே, பக்கத்துல இருந்த அம்மா என்கிட்டே சொன்னா. எனக்குத்தான் கண்ணு போச்சு, நீ ஏண்டா இப்படி இருக்கே?

மூணு நாள் இருந்து ஆவிக் குளியல் போடற சானா அறை அடுப்பைச் சரி பண்ணிக் கொடுத்தே, வாசப்படிக்குக் கைப்பிடி வெச்சே. இப்ப யார் தயவும் இல்லாம இறங்கறேன். கிளம்பறப்ப "அத்தான், ஒண்ணு சொல்லணும்" அப்படின்னே. அப்புறம் சானா கதவுல இன்னும் ஒரு ஆணி அடிக்கணும்னே. அடிச்சாச்சு, கவலைப்படாதே.

பையனுக்கு எஸ்கோன்னு பேர் வெச்சோம். இர்யா அன்னிக்குக் கேட்டா, "அப்பா, கண்ணு எப்படிப் போச்சு?" அப்பா கவனமில்லாம வேலை செஞ்சேன், நீ அப்படி இருக்காதேன்னு சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்ததும் கொடுக்கிற லீவுக் கட்டுரையில அதை எழுதியிருக்காளாம். பெரிய மனுஷி!

உடம்பைப் பார்த்துக்கோ. உன்னை மாதிரி ஒரு மச்சான் எல்லாருக்கும் கிடைக்காது.

தோய்வோ

இனி நான், சய்மி. மேலே இருக்கிறது அவர் சொன்னது. நான் ஒரு சொல்லையும் கூட்டல, குறைக்கல. கட்டுரையைப் பத்திச் சொல்றப்ப எனக்குப் பேனா ஓடல. சளி பிடிச்சிருக்கான்னு கேட்டார்.

கப்பல்ல சொல்லலை. சரி, வீட்டுல சொல்வேன்னு இருந்தேன். மூணு நாளும் உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுக் குழந்தையோட வெளியவே நின்னேன். சானாவுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க. வெளியே வந்து, மீன் எப்படிப் பிடிக்கிறதுன்னு பேசிக்கிட்டு வந்தீங்க.

நானே சொல்லிடலாம். ஆனா நான் சொன்னா, பொண்டாட்டி ஆறுதலுக்கு ஏதோ கதை கட்டறான்னுதான் நினைப்பார். தம்பி மேல பழி போடறாளேன்னு என்னையே கோவிச்சுக்குவார். அது உன் வாயில இருந்துதான் வரணும்.

இனிமே உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டப் போறது நான். நீ என்ன எழுதினாலும் தேதியில இருந்து கையெழுத்து வரைக்கும் அப்படியே படிப்பேன். வெயிலைப் பத்தி எழுதினா வெயிலைப் பத்திப் படிப்பேன்.

சய்மி


ஏக்ஃபோர்ஸ்
2 செப்டம்பர் 1973

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இதை அக்கா படிக்கிறாள். இர்யா பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும், அவளும் கேட்க வேண்டியதுதான்.

அந்தக் குழாய்களை நேராக மாட்டியது நான். நீங்கள் மாட்டியது ஆறு. ஆறும் சாய்வாகத்தான் இருந்தன. நீங்கள் காப்பி குடிக்கப் போனபோது நான் அவிழ்த்து எட்டாக மாட்டினேன். உங்கள் அட்டையைக் கழற்றி என் அட்டையைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அன்றைக்கு மறந்துதான் போடவில்லை. மறு நாளில் இருந்து வேண்டுமென்றே சொல்லவில்லை.

உங்களிடம் ஒரு தப்பும் இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றியதும் தப்பில்லை, மேஸ்திரி நானே அப்படித்தான் வைத்திருப்பேன். ஒழுங்காக மாட்டிய குழாயில் இருந்து முகத்தில் கொட்ட ஒன்றுமே இருந்திருக்காது.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பலகையில் உங்கள் பெயரை நானே சுரண்டி எடுத்தேன். என்னை மேஸ்திரி வேலையில் இருந்து இறக்கி, நீங்கள் நின்ற இடத்திலேயே குழாய் மாட்ட வைத்திருக்கிறார்கள். ஆறு ஆறாக மாட்டுகிறேன்.

கப்பலில் சொல்ல முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். சொன்னால் கையை எடுத்துவிடுவீர்கள் என்று பயமாக இருந்தது.

ஆர்மஸ்


ஈசல்மி
14 அக்டோபர் 1973

ஆர்மஸ் மாமா, அப்பா சொல்ல இர்யா எழுதறேன். அம்மா எழுத மாட்டேன்னுட்டாங்க. எழுத்துப் பிழை இருந்தா நான் பொறுப்பில்லை. இனி அப்பா சொல்றது.

ஆர்மஸ், இங்க எல்லாரும் சுகம். உருளைக்கிழங்கு தோண்டியாச்சு.

உன் கடிதத்தைச் சய்மி படிச்சா. ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு மாசம் கிழங்கு தோண்டிக்கிட்டே யோசிச்சேன். அதான் லேட்டு.

கண்ணு போனதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். லாரி நின்னா எவனும் அவசரப்படுவான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மார்ச் மாசத்துல இருந்து நான் அந்தக் குழாயை மாட்டிக்கிட்டே இருக்கேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இங்க வாசப்படியில உட்கார்ந்துக்கிட்டு, மனசுக்குள்ள ஒவ்வொண்ணா எடுத்து மாட்டிப் பார்ப்பேன். எங்கே தப்பு பண்ணினேன்னு தேடுவேன். ஒரு தடவைகூடக் கிடைக்கல. ஒவ்வொரு தடவையும் சாய்வாவே வந்துச்சு. கண்ணோட புத்தியும் போயிடுச்சோன்னு பயந்தேன். இதைச் சய்மிகிட்டேகூடச் சொல்லல. உன்கிட்டே மட்டும்தான் சொன்னேன். ஷேவ் பண்ணி விட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தியே. "யோசிக்காதீங்க அத்தான்"னு சொன்னியே. நான் தேடறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தியேடா.

அதுதான் என்னால முடியல.

இர்யா கட்டுரையைத் திருத்தி எழுதி டீச்சர்கிட்டே கொடுத்துட்டா. எங்க அப்பா ரொம்பக் கவனமானவர்னு எழுதியிருக்காளாம். அதை நானும் கேட்டேன். நல்லா இருந்துச்சு.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். அடுத்த வருஷமும் தெரியாது. கடிதம் போட்டா படிப்பாங்க. பதில் வராட்டி ஒண்ணும் நினைச்சுக்காதே. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், உடம்பைப் பார்த்துக்கோ.

எஸ்கோ உட்கார ஆரம்பிச்சுட்டான். முகம் யாரை மாதிரி இருக்குன்னு நேத்து கேட்டேன். சய்மி வேலையா இருக்கிற மாதிரி பாத்திரத்தை உருட்டினா. இர்யாதான் சொன்னா, "ஆர்மஸ் மாமாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்ப்பா" அப்படின்னு. அவனை மடியில வெச்சு நெத்தி, மூக்கு, தாடை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருக்கான்.

தோய்வோ